நாலு சிப்பிப்பாறையைச் சேர்த்து அவிழ்த்துவிடும் முன்

லாப்ரடார் விளையாடினால் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும், கட்டிப் புரளும். தென் தமிழ்நாட்டு வேட்டை நாய்களான சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் விளையாட்டு என்றால் ஒன்றுதான்: ஒன்று ஓடும், மற்றது துரத்தும். மோப்பம் பிடித்துப் போகிற சாதி இல்லை, கண்ணில் பட்டதைத் துரத்துகிற சாதி. முயலைத் துரத்தும்போது உடம்பு என்னென்ன செய்யுமோ அதையேதான் கூட்டாளியைத் துரத்தும்போதும் செய்கிறது. பிடித்து உலுக்குகிற அந்தக் கடைசி அசைவு மட்டும் விளையாட்டில் வராது. அது வராமல் பார்த்துக்கொள்வதும், ஓடுகிற வேகத்தில் எலும்பும் தோலும் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. இதில் முக்கால்வாசி, பட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இடத்திலிருந்து ஆரம்பிப்போம். நேராக ஓட ஐம்பது மீட்டராவது வேண்டும். இடம் சின்னதாக இருந்தால் மெதுவாக ஓடும் என்று நினைக்கிறார்கள். அது நடக்காது. அதே வேகத்தில் ஓடிக் கடைசி நொடியில் திரும்பும், கால் போவது அந்தத் திருப்பத்தில்தான். இந்த நாய்கள் பாய்ந்து ஓடும்போது ஒரு எட்டுக்கு இரண்டு தடவை நாலு காலும் தரையை விட்டு எழும்பும். இறங்கும்போது உடம்பு பாரம் முழுக்க ஒரு காலில் வந்து நிற்கும். அந்த ஒரு கால் எலிவளையில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நகரத்தில் பலரும் முதலில் தேடிப் போவது வாடகைக்குக் கிடைக்கும் டர்ஃப் மைதானத்தை. சுற்றிலும் வலை, பூட்டிய கதவு, பார்க்கப் பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் ஐவர் கால்பந்துக்குப் போட்ட டர்ஃப், சிப்பிப்பாறைக்கு ஒரு மூச்சில் முடிந்துவிடும். செயற்கைப் புல் வெயிலில் மண்ணைவிட அதிகமாகக் காயும், சறுக்கித் திரும்பினால் உள்ளங்கால் தோலை உரிக்கும். தளர்ந்து தொங்கும் வலையில் முன்னங்கால் நகம் மாட்டும். டர்ஃப்தான் கிடைக்கிறது என்றால் விடியற்காலையில், இரண்டே நாய், அதற்கு மேல் வேண்டாம்.

பிளாட் போட்ட வெற்று லேஅவுட் அதைவிட மோசம். புல்லுக்குள் மறைந்து நிற்கும் எல்லைக் கல் முழங்கால் உயரம்கூட இருக்காது, நாயின் மார்புக்குச் சரியாக இருக்கும். தென்னந்தோப்பில் மரத்தைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம், தனியாக ஓடும் நாய் மரத்தை விலக்கிக்கொள்ளும். இன்னொன்றின் தோளோடு தோள் உரசி ஓடும்போது பக்கத்து நாயைப் பார்க்குமே தவிர எதிரே இருக்கும் மரத்தைப் பார்க்காது என்பதுதான் சிக்கல். சொட்டுநீர்க் குழாயும், பாத்தி வரப்பும், உதிர்ந்து கிடக்கும் மட்டையும் வேறு.

கரிசல் காட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்ல வேண்டும். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், வெடிப்பில் நாயின் கால் முழுசாக இறங்கும். மழைக்காலத்தில் அதே மண் பாதத்தில் அப்பிக்கொண்டு வழுக்கும். பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் அரிவாளால் சாய்வாக அறுத்த கட்டைகள், வரிசையாக நட்டுவைத்த ஈட்டிதான் அவை. அறுத்த காட்டில் அவிழ்த்தே விடாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைப் பார்க்காமல் எந்தத் தோட்டத்திலும் கயிற்றைக் கழற்றக் கூடாது. பூச்சிமருந்து சமீபத்தில் அடித்தார்களா என்பதையும் தோட்டக்காரரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும்.

நல்ல இடம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வது, செம்மண்ணோ புல்தரையோ, ஆறடிக்குக் குறையாத சுவர் அல்லது கம்பி வலை. ஐந்தடி போதாது. சாதாரண நேரத்தில் தாண்ட நினைக்காத நாய், சுவருக்கு அந்தப் பக்கம் மயில் இறங்கினால் தாண்டும். கம்பி வலையின் பெரிய குறை, ஓடும் நாய்க்கு அது கண்ணில் படாது என்பது. பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்து, நாயின் கண் மட்டத்தில் இரண்டு மீட்டருக்கு ஒரு துண்டாகக் கட்டிவிட்டால் போதும். முள்கம்பி இருந்தால் அந்தப் பக்கமே போக முடியாதபடி மூன்று மீட்டர் உள்ளே இன்னொரு தடுப்பு வேண்டும். இந்த நாய்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. நாட்டு நாய்க்குக் கீறலாகப் போகிற முள், இதற்குத் தையல் போடும் கிழிசலாகும். மூலைகளில் வைக்கோல் கட்டோ பழைய டயரோ அடுக்கி வளைத்துவிடுங்கள். ஓடி வருகிற நாய் மூலையில் சிக்கும்போதுதான் பின்னால் வருபவை அதன்மேல் மொத்தமாக விழும்.

வாசலில் இரட்டைக் கதவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் கதவுக்கு வெளியே ஒரு வேனைக் குறுக்கே நிறுத்திக்கொள்ளலாம். கதவுக்கென்று ஒரு ஆள் வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது, போட்டோ எடுப்பது உட்பட. பிறகு இரண்டு பேர் எதிரெதிர் ஓரத்திலிருந்து இடம் முழுக்கக் கோடு போட்டதுபோல் நடந்து பாட்டில் சில்லு, சீமைக்கருவேல முள், வளை, பாம்பு பார்க்க வேண்டும். வறண்ட காட்டில் சுருட்டை விரியன் கல்லுக்கடியில் கிடக்கும். போன வாரம் பார்த்த இடம்தானே என்று இதைத் தவிர்க்கக் கூடாது.

இனி யாரை யாரோடு விடுவது. உயரத்தையும் வயதையும் மட்டும் பார்த்துச் சேர்க்கிறார்கள், அது போதாது. வேகமும் விளையாடும் விதமும் ஒத்துப்போக வேண்டும். வேகம் குறைந்த நாயை வேகமான மூன்றோடு விட்டால் அது ஒவ்வொரு சுற்றிலும் முயலாகிவிடும். ஒரு வயது நிரம்பாத குட்டியை வளர்ந்த நாய்களின் முழு ஓட்டத்தில் விடக் கூடாது, எலும்பு முனையில் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. பெரிய உடம்புக்காரர்களுக்கு ஒன்றரை வயது வரை பொறுக்கலாம். பருவத்தில் இருக்கும் பெட்டையை அந்த வளாகத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். ஒரே வீட்டில் வளரும் இரண்டு நாய்கள், ஜோடியாகக் காட்டில் ஓட்டிப் பழகியவை என்றால் இன்னும் கவனம்: இரண்டும் கூட்டுச் சேர்ந்து மூன்றாவதைச் சுற்றி வளைக்கும், ஒன்று திருப்பிவிட மற்றது குறுக்கே வரும். அது விளையாட்டு மாதிரியே இருக்கும், விளையாட்டில்லை. அந்த ஜோடியைப் பிரித்துத் தனித்தனிச் சுற்றில் விடுங்கள்.

பொமரேனியன், டாஷ்ஹண்ட், ஷிட்சு மாதிரிச் சின்ன நாய் எதுவும் கூடவே கூடாது. வீட்டில் ஒரே பாயில் படுக்கிறவைதான் என்பார்கள். வீட்டில் படுப்பது வேறு, நாலு வேட்டை நாய் சேர்ந்து ஓடும்போது சின்ன உருவம் ஒன்று கீச்சென்று கத்திக்கொண்டு குறுக்கே ஓடுவது வேறு. அந்தக் கத்தலில் அது நாய் என்பதே மறந்துபோகும். குழந்தைகளும் வேலிக்கு வெளியேதான்.

ராஜபாளையம் நாய் சேர்ந்தால் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். முழு வெள்ளை நிறத்தோடு வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் உண்டு. விசிலுக்குத் திரும்பாத நாயைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நாய்க்குக் கையசைப்பைப் பழக்கி, ஒரே ஒரு நிதானமான துணையோடு விடலாம். பின்னாலிருந்து வருவது அதற்குத் தெரியாது, திடுக்கிட்டால் கடிக்கும்.

வருகிற எல்லா நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டம்பர், பார்வோ, லெப்டோ சேர்ந்த ஊசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்து தேறிய நாய் என்றால், ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் சரியான அளவுக்கு வந்த பிறகுதான். அந்தக் காய்ச்சலில் தட்டணு குறையும், சின்ன அடியிலும் ரத்தம் நிற்காது.

வாய்ப்பூட்டு என்றவுடன் பாவம் என்பார்கள். அடைத்துவைத்து வளர்ப்பதை விடவா பாவம்? முன்பின் பழகாத வேட்டை நாய்களைச் சேர்க்கும்போது எல்லா நாய்க்கும் போட வேண்டும், ஒன்றுக்கும் விதிவிலக்குக் கூடாது. வாய் கட்டிய மூன்றுக்கு நடுவில் வாய் திறந்த ஒன்று இருந்தால் அது நியாயமே இல்லை. துணியில் குழாய் மாதிரித் தைத்து வாயை இறுக்குகிறதை வாங்காதீர்கள். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், அதை அடைத்துவிட்டு ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் விழுந்துவிடும். கூடை வடிவத்தில், உள்ளே வாயை நன்றாகத் திறக்கவும் தண்ணீர் நக்கவும் முடிகிறதுதான் சரி. மூக்கு நுனிக்கும் கூடைக்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். கடைகளில் பெரும்பாலும் லாப்ரடார் முகத்துக்குச் செய்ததே இருக்கும். சிப்பிப்பாறையின் நீண்டு ஒடுங்கிய முகத்தில் அது ஆடி, கண்ணில் இடிக்கும். கிரேஹவுண்ட் அளவு என்று கேட்டு வாங்குங்கள். பழக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கூடைக்குள் தயிர் தடவி நக்க விட்டு, பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

கழுத்துப் பட்டையில் ஒரு குழப்பம் உண்டு. இந்த நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து பருமன், சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தே கழற்றிவிடும். அதனால் நடத்திக் கூட்டிவரும்போது நாலைந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை, இழுத்தால் அளவாக இறுகும் வகை. ஓடவிடும்போது அது இருக்கக் கூடாது, இன்னொரு நாயின் பல்லோ நகமோ கூடையோ மாட்டி முறுக்கிக்கொண்டால் கழுத்தை நெரிக்கும். வளையம் இல்லாத, ஒரே அழுத்தில் கழன்றுவிடும் மெல்லிய துணிப்பட்டையை மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு நிறம் வைத்தால் செவலை எது, மயிலை எது என்று தூரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்க வேண்டாம். ஹார்னஸ் மாட்டியே ஓடவிடக் கூடாது, முன்னங்கால் அதில் நுழையும். நீளக் கயிற்றோடு விடுவதும் பாதுகாப்பு இல்லை. பத்து மீட்டர் கயிறு முடியும் இடத்தில் நாய் முழு வேகத்தில் இருக்கும்.

நேரம்: கோடையில் காலை ஆறு மணிக்கு முன் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிட வேண்டும். மாலை வேண்டாம், வெயில் இறங்கினாலும் தரை இறங்காது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு இல்லை. கடற்கரை ஊர்களில் வெப்பம் குறைவாகக் காட்டினாலும் புழுக்கம் ஏமாற்றும், நாய் இளைத்தாலும் சூடு வெளியேறாது. ஓட்டத்துக்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்குள் சோறு போட்டிருக்கக் கூடாது. ஆழ மார்பு நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓட்டம் ஆகாது, இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இந்த உடலமைப்புக்கு அதிகம்.

அவிழ்க்கும் முறைக்கு வருவோம். வேலிக்கு வெளியே எல்லாரும் ஒரே திசையில், இரண்டு ஆள் இடைவெளியில், பத்து நிமிடம் கயிற்றோடு நடங்கள். தசை சூடாகும், நாய்களும் ஒன்றையொன்று நேருக்கு நேர் முறைக்காமல் மோந்து தெரிந்துகொள்ளும். சிறுநீரும் மலமும் இங்கேயே முடியட்டும். பிறகு எல்லாரும் கயிற்றோடே உள்ளே வந்து கதவைப் பூட்டிய பின்தான் அவிழ்ப்பது. முதல் நாய் உள்ளே சுதந்திரமாக ஓடிக்கொண்டிருக்க, அடுத்தது கதவு வழியாக வந்தால் உள்ளே இருப்பவை அதன்மேல் பாயும். முதலில் இரண்டு. அவை சரிப்பட்டால் மூன்றாவது, நான்காவது. நான்குக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஆட்களும் இடமும் நன்றாக இருந்தால் ஆறு. இரண்டு நாய்க்கு ஒரு ஆள் வீதம், அந்த நாயைத் தொட்டுப் பிடிக்கத் தெரிந்த ஆள், உள்ளே நிற்க வேண்டும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைக் கயிற்றில் பிடித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் வேடிக்கை பார்க்க விடாதீர்கள், அந்த ஆத்திரம் அவிழ்த்தவுடன் வெளிவரும்.

மனிதர்கள் நிற்கும் இடம் ஓரம், முதுகு வேலியில். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நாய் நேராக வந்தால் ஒதுங்கப் பார்க்காமல் அசையாமல் நில்லுங்கள். அது உங்களை விலக்கிக்கொண்டு போகக் கணக்குப் போட்டுவிட்டது, நீங்கள் நகர்ந்தால்தான் மோதும். கிரேஹவுண்ட் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போகும். சிப்பிப்பாறை அவ்வளவு போகாவிட்டாலும், அதில் பாதி வேகத்தில் முழங்காலில் மோதினாலே மூன்று மாதம் கட்டிலில்தான்.

பந்து, பொம்மை, தின்பண்டம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சட்டைப்பையில் வேகவைத்த கோழி வைத்திருப்பவர்தான் பல சண்டைக்குக் காரணம். பிளாஸ்டிக் பையைக் கயிற்றில் கட்டி இழுத்து ஓடவிடுவது தனி விளையாட்டு, தனி நாய்க்கு. கூட்டத்தில் அதைச் செய்தால் ஓட்டத்தின் முடிவில் பை யாருக்கு என்ற கேள்வி வரும்.

ஒரு சுற்று இரண்டு, மூன்று நிமிடம். பிறகு எல்லாவற்றையும் பிடித்து ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓய்வு. இப்படி மூன்று சுற்று, அவ்வளவுதான். இவை குறுந்தூர ஓட்டக்காரர்கள், மணிக்கணக்காக ஓடும் உடம்பு இல்லை. இன்னும் ஓடும்போல் இருக்கிறதே என்று நாலாவது சுற்று விடுவதுதான் பெரும்பாலும் தவறாகப் போகும். களைத்த நாய் காலைத் தப்பாக ஊன்றும், பொறுமையும் குறையும்.

பார்க்க வேண்டியது என்ன? நல்ல விளையாட்டில் ஓட்டம் வளைந்து வளைந்து போகும், வாய் திறந்திருக்கும், துரத்தியது திரும்பித் துரத்தப்படும், நடுவில் நின்று உடம்பை உதறிவிட்டு மறுபடி குனிந்து அழைக்கும். சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. குரைத்துக்கொண்டு ஓடுகிற நாயைவிட, வாயை மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தி நேர்கோட்டில் போகிற நாயைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டோ மூன்றோ ஒன்றையே குறிவைத்தால், கழுத்தையும் முதுகையும் பிடிக்கப் பார்த்தால், ஓடுகிறது வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு ஆட்களின் காலுக்குப் பின்னால் ஒண்டினால், அந்தச் சுற்று முடிந்தது. சந்தேகமாக இருந்தால் துரத்துவதைப் பிடித்துவைத்து, துரத்தப்பட்டதை விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பி வந்து வம்பிழுத்தால் அதற்கும் விருப்பம்தான். தூரப்போய் மண்ணை மோந்துகொண்டு நின்றால் அதற்குப் போதும்.

ஒரு நாய் கீழே உருண்டோ இடறியோ வீலென்று கத்தினால், என்ன ஆயிற்று என்று யோசிக்காமல் எல்லாரும் உடனே அதை நோக்கிப் போக வேண்டும். கத்தல் கேட்ட நாலைந்து விநாடியில்தான் விளையாட்டு வேட்டையாக மாறும். கூச்சல் போடாமல் நடுவில் புகுந்து பெட்ஷீட்டைக் குறுக்கே பிடியுங்கள். வாய்ப்பூட்டு இருந்தால் இது பெரும்பாலும் இதோடு முடியும். இல்லாமல் கடித்துப் பிடித்துவிட்டால் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். முகத்தில் வாளித் தண்ணீர், போர்வையால் மூடுதல், அதுவும் ஆகாவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பின்தொடைகளைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் வாங்குவது. பிடியை விடாத நாயை இழுத்தால் தோல்தான் கிழியும், அதனால் விட்ட பிறகு இழுக்க வேண்டும். மனிதருக்குப் பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்கு. நாய்க்கு ஊசி போட்டிருக்கே என்று சும்மா இருக்கக் கூடாது.

கூப்பிட்டால் வருமா என்றால், துரத்திக்கொண்டிருக்கும்போது வராது. அதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். சுற்று தானாகத் தணியும் நொடியில் விசில் ஊதுங்கள், வந்ததும் கயிறு மாட்டுங்கள், தின்பண்டம் கதவுக்கு வெளியேதான். அதிக வெறியில் இருப்பதை முதலில் பிடிக்க வேண்டும். வேலி தாண்டிப் போய்விட்டால் பின்னால் ஓடாதீர்கள், அது உங்களையும் ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் ஓடிக் குந்தி உட்காருங்கள். வேலிக்கு வெளியே முயலையோ மயிலையோ பிடித்துவிட்டால் அது நாயின் குறும்பாக முடியாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் காக்கிறது. பக்கத்துக் கிடையில் ஆடு போனால் அதற்குத் தனிப் பஞ்சாயத்து.

மருந்துப் பெட்டியில் அரை லிட்டர் நார்மல் சலைன் இரண்டு பாட்டில், காஸ் துணி, ஒட்டும் கட்டு, தெர்மாமீட்டர். தோல் கிழிந்தால் சலைனால் அலசி, ஈரக் காஸ் வைத்துக் கட்டி மருத்துவரிடம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு வேண்டாம், தோலுக்கும் சதைக்கும் நடுவில் பை மாதிரிப் பிரிந்த இடத்தில் அது போய்த் தங்கிச் சீழ் பிடிக்கும். நமக்கு வாங்கிவைத்த பாராசிட்டமால், ஐப்யூபுரோஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுத்துத் தைக்கிறார்கள் என்றால் ஒல்லி வேட்டை நாய் என்பதை நினைவூட்டுங்கள். தயோபென்டோன் வகை மருந்திலிருந்து கிரேஹவுண்ட் தெளிய மற்ற நாய்களைவிட அதிக நேரம் எடுக்கும்.

நாக்கு அகன்று தொங்கி, எச்சில் நூலாக வடிந்து, ஈறு செங்கல் சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. முதலில் தண்ணீர், பிறகு வண்டி. குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளேயே அடைக்கும். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 39.5 டிகிரி செல்சியஸ் காட்டியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும்.

முடிந்ததும் பத்து நிமிடம் நடை, ஆளுக்கொரு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஒரே வாளியை வைத்தால் அதற்கும் சண்டை வரும். வீட்டில் வெளிச்சத்தில் படுக்கவைத்து விரலிடுக்கு, முன்னங்காலின் மேல்நகம், கவட்டு, வயிறு எல்லாம் தடவிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது தெரியாத பல் துளை இரண்டு மணி நேரம் கழித்து வீக்கமாகத் தெரியும். பின்தொடையின் உள்பக்கம் கருநீலமாகக் கன்றியிருந்தால் தசை கிழிந்திருக்கலாம். அன்று மாலையோ மறுநாளோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம், விடியும் வரை காத்திருக்கக் கூடாது. ஒன்றும் இல்லையென்றாலும் அடுத்த ஓட்டம் நாலு நாள் கழித்துத்தான். நொண்டினால், நொண்டல் நின்ற நாளிலிருந்து இரண்டு வாரத்தை எண்ணத் தொடங்குங்கள்.